பூட்டிய ஷெட்டும் காலி மணல் வாளியும்

கார் எரிந்துபோன செய்தி பிரபாவுக்கு வந்து சேருவதற்கு முன்பே, அதற்குக் காரணம் பிரபாதான் என்கிற செய்தி பிரேசர் டவுன் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

1999, செப்டம்பர். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அல்சூரில் அவள் வீட்டுக்குக் கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. பேசியது மெக்கானிக் ஆம்ப்ரோஸ். "பிரபா, வண்டி போச்சு. சீக்கிரம் வா. போலீஸ் வந்திருக்கு." அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

டெஸ்மண்ட் வீட்டு கேட்டில் நல்ல கூட்டம். சர்ச் முடிந்து வந்தவர்கள், பக்கத்துத் தெரு கராஜ் ஆட்கள், கறிப் பையோடு வழியில் நின்றுவிட்டவர்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒரு குரல் காதில் விழுந்தது.

"இவதான். பொம்பள வயரிங் பண்ணா இப்டித்தான் ஆவும்."

பிரபா திரும்பிப் பார்த்தாள். குரலுக்குச் சொந்தக்காரர் பைக்குள் இருந்த கறியை ஆராயத் தொடங்கினார். பத்து வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்பாதித்த பெயர் அவளுடையது. 'பிரபா ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்ற போர்டை அல்சூரில் மாட்டிய நாளில் சிரித்தவர்கள்தான் பின்னால் தங்கள் வண்டிகளை வரிசையில் நிறுத்தினார்கள். அந்தப் பெயர் ஒரே காலையில் கேட் வாசலில் கிடந்து மிதிபட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஷெட்டுக்குள் போனாள்.

சிவப்பு நிறம், இரண்டே சீட், கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். டெஸ்மண்டின் அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. டாஷ்போர்டு உருகி வழிந்திருந்தது. அவள் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்த வயர் கட்டு, கரிக்கயிறாகத் தொங்கியது. டிரைவர் சீட்டின் மெத்தை எரிந்து, இரும்புச் சட்டம் மட்டும் ஸ்டியரிங்கை ஒட்டி நின்றது. திறந்திருந்த பானெட்டுக்குள் எஞ்சின் மேல் மணல் குவிந்திருந்தது, சீட்டின் அடியிலும் சிதறிக் கிடந்தது. மூலையில் மணல் வாளி காலியாக உருண்டு கிடந்தது. பேட்டரி அதன் தட்டில் உட்கார்ந்திருந்தது. காரின் இரும்பு உடம்புக்கு, அதாவது பாடிக்குப் போகும் பின்னல் கம்பிப் பட்டையின் கிளாம்ப் அகல விரிந்து, பேட்டரி முனையில் இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சிவப்புப் பெயிண்ட் உருகி ஒட்டியிருந்தது.

பிரபா குனிந்து அந்தப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"நீங்கதானா எலக்ட்ரீஷியன்?" சப்-இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா. கன்னடக்காரர். தமிழைத் தயக்கமில்லாமல் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுகிறவர். "நோடம்மா, இங்க பாருங்க, விஷயம் சிம்பிள். ஷெட்டு பூட்டி இருந்தது. பூட்டு ஒடையல. சாவி ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு இவங்க வீட்டு ஹால்ல ஆணியில. டெஸ்மண்ட் சார் சர்ச்லேந்து வந்து பொகையப் பாத்துத் தெறந்தார். உள்ள யாரும் இல்ல. உங்க வயரிங்ல ஷார்ட் ஆயிருக்கு. அஜாக்கிரதைன்னு ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதியிருக்கேன். கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

"போட மாட்டேன் சார்."

"ஏன்?"

"நேத்து சாயங்காலம் நான் பூட்டிட்டுப் போறப்போ இந்த வண்டியில பேட்டரியே இல்ல. கழட்டி அந்த பெஞ்சு மேல சார்ஜுக்குப் போட்டுட்டுப் போனேன். கரண்டே இல்லாத வயர் எப்படி சார் எரியும்?"

"இப்போ பேட்டரி வண்டியில இருக்கே."

"அதைத்தான் நானும் கேக்குறேன். யார் வெச்சது?"

கோவிந்தப்பா மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் நான்கு பேர்.

வீட்டுக்காரர் டெஸ்மண்ட். ஆறடி உயரம், வெள்ளை மீசை. அறுபத்தாறில் நந்தி மலைச் சாலையில் நடந்த கார் போட்டியில் இதே காரில் ஜெயித்தவர். அந்த வெள்ளிக் கப்பை ஹாலில் நட்டநடுவே வைத்திருந்தார். வந்தவர் யாராக இருந்தாலும், காபி வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும்.

அவருடைய தங்கை ஜூடித். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனோடு அதே வீட்டில் இருப்பவள். கேக் செய்து விற்பதில் பெயர் வாங்கியவள். வேலை தொடங்கிய அன்றே, "சேலையெல்லாம் கிரீஸ் ஆயிடும்மா" என்று தன் பழைய ஏப்ரன் ஒன்றைப் பிரபாவுக்குக் கொடுத்தாள். பிரபாவுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அதன் பாக்கெட்டில் எத்தனை துவைத்தும் போகாத கறுப்புக் கறை ஒன்று முன்பே இருந்தது. கேக் தட்டின் கரி என்று பிரபா நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஆள் ஆம்ப்ரோஸ். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நல்ல மனிதன். செத்துப்போயிருந்த பழைய எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் எஞ்சினை ஏற்றியவன்.

நான்காவது ஹரிஷ்குமார். சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கும் இளைஞன், கூடைப்பந்து ஆடுகிறவனின் உயரம். காரை வாங்கப்போகிறவன். அன்று மதியம் ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எஞ்சின் மாறினால் மீதியெல்லாம் வயரிங்காரியின் தலையில்தான் விழும். பழைய டைனமோ போய், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் வந்தது. துணி சுற்றிய வயர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தாள். பேட்டரியின் பிளஸ் பாடிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்து ஏற்பாட்டை மாற்றி மைனஸைப் பாடிக்குக் கொண்டுவந்தாள். டாஷ்போர்டுக்குக் கீழே பளிச்சென்று தெரியும்படி ஒரு மெயின் ஸ்விட்ச் வைத்தாள். அதைத் திருகாமல் எதற்கும் கரண்ட் போகாது. ஹாரன்கூட அடித்துப் பார்த்தாயிற்று. அப்படி உயிர் கொடுத்த வண்டி இது.

"சார், இன்னொண்ணு," என்றாள் பிரபா. "அந்த மணலை எஞ்சின் மேல கொட்டுனது யாரு?"

"நான் இல்ல," என்றார் டெஸ்மண்ட். "நான் தெறக்கறப்போ நெருப்பே இல்ல. பொகைதான். ஆம்ப்ரோஸ் கொட்டுனான்னு நெனச்சேன்."

"அய்யோ அண்ணே, நான் வர்றப்பவே மணல் கெடந்துச்சே. நீங்க கொட்டுனீங்கன்னு நெனச்சேன்," என்றான் ஆம்ப்ரோஸ்.

ஹரிஷ்குமார் கையை விரித்தான். அவன் வந்தது எல்லோருக்கும் பிறகு.

"பூட்டுன ஷெட்டுக்குள்ள வாளி தானா எந்திரிச்சுப் போய்க் கொட்டிச்சா?" என்றாள் பிரபா. "நெருப்பு வந்தப்போ உள்ள ஒரு ஆள் இருந்திருக்காங்க சார். அணைச்சிட்டு, வெளிய வந்து, பூட்டிட்டுப் போயிருக்காங்க."

கோவிந்தப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முட்டாள் அல்ல அவர். காரைச் சுற்றி வந்தார், குனிந்து சீட்டைப் பார்த்தார், சட்டத்தை அசைத்துப் பார்த்தார். சீட்டை முன்பின் நகர்த்தும் தண்டவாளத்தின் முன்பக்கக் கடைசிப் பல்லில் அது பூட்டி நின்றது.

"சரி. ஒரு ஆள் உள்ள இருந்தாங்க. ஒத்துக்கறேன். அந்த ஆளு சீட்டை முழுக்க முன்னாடி இழுத்து உக்காந்திருக்காங்க. டெஸ்மண்ட் சார் ஆறடி. இந்தத் தம்பி அதுக்கும் மேல. ஆம்ப்ரோஸ் வயிறு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல போகாது. குள்ளமான ஆளு. கையில சாவி இருக்கற ஆளு." நிதானமாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இது அஜாக்கிரதை இல்லம்மா. வேணும்னே பண்ணதுன்னு ஆயித்து. காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. துணி துவைச்சிட்டு இருந்தேன்."

"சாட்சி யாரு?"

"சோப்பு."

ஆம்ப்ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான்.

"வெளையாடாதீங்க. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரணும்."

"சாயங்காலம் எதுக்கு சார்? என் பேர் கெட்டது இங்க. இங்கேயே முடிச்சுட்டுப் போறேன். அரை மணி நேரம் கொடுங்க. அதுக்கப்புறமும் நான்தான்னு தோணுச்சுன்னா, ஜீப்புல நானே ஏறி உக்காருறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அரை மணி நேரம் போதுமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கேட்டில் நிற்கிறவர்களுக்குக் காட்ட அவளுக்கு இஷ்டமில்லை. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேள்வியைத் தொடங்கினாள்.

"ஆம்ப்ரோஸ் அண்ணே, காலையில எங்க இருந்தீங்க?"

"பூசைக்குப் போயிட்டு நேரா இங்க வந்தேன். என் சம்சாரத்தைக் கேளு."

"ஹரிஷ் சார்?"

"ஜிம். அப்புறம் ஃப்ரெண்ட்ஸோட டிஃபன். எனக்கு வண்டி வேணும் மேடம், நான் எதுக்கு எரிக்கப் போறேன்?"

"டெஸ்மண்ட் அங்கிள்?"

"சர்ச்ல பைபிள் வாசிச்சதே நான்தான். முந்நூறு பேரு பாத்தாங்க." அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "நான் ரேஸ் ஓட்டுன வண்டிம்மா இது. என் கையால வளர்த்தது. ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும்."

"ஜூடித் ஆன்ட்டி?"

"தலைவலி. சர்ச்சுக்குப் போகல, ரூம்ல படுத்திருந்தேன்." ஜூடித் கார்டிகனை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு அந்த வண்டியோட பானெட்டு எந்தப் பக்கம் தெறக்கும்னுகூடத் தெரியாதும்மா."

"அவங்களை எதுக்கு தொந்தரவு பண்றீங்க," என்றார் கோவிந்தப்பா.

பிரபா எரிந்த வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்தாள். எந்த வயரிலும் கரண்ட் போய்ச் சேராதபடி இரண்டு கேபிள்களின் மறுமுனையையும் அவிழ்த்துவிட்டாள். ஆம்ப்ரோஸின் அம்பாசிடரிலிருந்து வேறு பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லி, காரின் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல. இந்தப் பேட்டரியை இந்த வண்டியில மாட்டணும். ஒவ்வொருத்தரா வாங்க. அவ்வளவுதான்."

"இதென்ன ஸ்கூல் பரீட்சையா?" என்றார் டெஸ்மண்ட்.

"ஆமா அங்கிள்."

ஆம்ப்ரோஸ் தூக்கி வைத்தான். மைனஸில் பின்னல் பட்டையை மாட்டினான். "நீ மாத்துன அன்னிக்கு நான் பக்கத்துலதானே இருந்தேன்," என்றான்.

ஹரிஷ்குமாரும் மைனஸைத்தான் தொட்டான். "சி.டி. பிளேயர் வைக்கணும்னா இப்படித்தான் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

டெஸ்மண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "ஆயிரம் தடவை மாட்டியிருக்கேன்." கொஞ்சம் தடுமாறினார். பிறகு மைனஸ் முனையைத் தேடிப் பிடித்துப் பாடிப் பட்டையை அதில் வைத்தார். "மைனஸ்தானே பாடிக்கு? என் ஃபியட்ல இப்படித்தான்."

"கரெக்ட் அங்கிள்," என்றாள் பிரபா. "ஆனா இந்த வண்டியில வாங்குன நாள்லேந்து பிளஸ்தான் பாடிக்கு. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிங்க நெறைய அப்படி. நான் ஜூலை மாசம் மாத்துனேன். ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கும் ஹரிஷ் சாருக்கும் தெரியும். உங்ககிட்ட நான் சொல்லல. நீங்க கேக்கவும் இல்ல. ஆயிரம் தடவை மாட்டுன கைன்னா, தேடாம பிளஸுக்குப் போயிருக்கணும்."

டெஸ்மண்டின் முகம் மாறியது. கோவிந்தப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"இதுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாமே அதுலதான் சார் இருக்கு." அம்பாசிடர் பேட்டரியைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டு, எரிந்த வண்டியிலிருந்து எடுத்த பேட்டரியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். "என் ஷாப்புக்கு வர்ற எந்தப் பேட்டரியா இருந்தாலும் பிளஸ் முனையில சிவப்புப் பெயிண்ட் அடிச்சிடுவேன். இப்போ அந்தப் பின்னல் பட்டையைப் பாருங்க. பாடிக்குப் போறது அது. அதுல சிவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு. காலையில இந்தப் பேட்டரியைத் திருப்பி வெச்சு, பிளஸைப் பாடிக்கு மாட்டியிருக்காங்க. பிளஸ் முனை கொஞ்சம் தடிமன், மைனஸுக்கு நான் போட்ட கிளாம்ப் அதுல ஏறாது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி ஏத்தியிருக்காங்க. அப்புறம் சீட்டுல உக்காந்து மெயின் ஸ்விட்சைத் திருகியிருக்காங்க. தலைகீழாக் கரண்ட் வந்தா ஆல்டர்னேட்டர் தாங்காது. அதுலேந்து டாஷ்போர்டுக்கு வர்ற தடிமனான வயர் அந்த நிமிஷமே அடுப்புக் கம்பி மாதிரி ஆயிடும்."

"அப்போ எரிக்கணும்னே மாத்தி மாட்டியிருக்காங்க."

"இல்ல சார். எரிக்கறதுக்கு ஒரு தீக்குச்சி போதும். எரிக்க வந்தவங்க சீட்டை முன்னாடி இழுத்து உக்கார மாட்டாங்க, மணலைக் கொட்டி அணைக்கவும் மாட்டாங்க. இது வண்டியை ஓட்டணும்னு வந்த ஆளு. இந்த வண்டிக்கு எப்படி மாட்டணும்னு கைக்கே தெரிஞ்ச ஆளு. கிளாம்ப் ஏறலன்னதும், வயரிங்காரி தப்பா வாங்கிட்டான்னு நெனச்ச ஆளு. நான் மாட்டினா மைனஸுக்குப் போவேன். எனக்கு மாத்துனது தெரியும், மாத்துனதே நான்தான்."

கேட்டில் இருந்த கூட்டம் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வாசல்வரை வந்திருந்தது.

பிரபா பெஞ்சிலிருந்து ஏப்ரனை எடுத்தாள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"இதை நான் போடறதுக்கு முன்னாடியே இதுல கறை இருந்தது. கேக் தட்டுக் கரின்னு நெனச்சேன். என் புத்தியைச் சொல்லணும். கரி சோப்புல போயிடும். போகாதது எஞ்சின் ஆயில்தான். அதோட இந்த ஏப்ரன் எனக்கு அப்படியே பொருந்துது. இந்த வீட்டுல என் உயரத்துக்கு ஒருத்தர்தான் இருக்காங்க. நீங்க குள்ளமான ஆளைத் தேடுனப்போ சார், அவங்க உங்க பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாங்க. உங்க கண்ணு அவங்களைத் தாண்டிப் போச்சு."

"ஜூடி," என்றார் டெஸ்மண்ட்.

ஜூடித் கார்டிகனின் கையை முழங்கைவரை சுருட்டினாள். காருக்கு அருகே போய், பிரபா கழற்றி வைத்த அந்தப் பேட்டரியை இடுப்பால் ஒரு அணை கொடுத்துத் தூக்கி, கண்ணால் பார்க்காமலே திருப்பித் தட்டில் வைத்தாள். சிவப்பு முனை பாடிப் பக்கம் வந்து நின்றது.

"முப்பது வருஷத்துக்கு மேல இப்படித்தான் வெச்சேன்," என்றாள். "கிளாம்ப்தான் தப்புன்னு நெனச்சேன். நான் தப்பா இருப்பேன்னு தோணவே இல்ல."

"எங்க கொண்டு போக இருந்தீங்க?" என்று கேட்டார் கோவிந்தப்பா.

"ஆனேக்கல்ல என் ஃப்ரெண்டுக்குத் தோட்டம் இருக்கு. அங்க நிறுத்திட்டு, இனிமே தேடிக்கோன்னு இவனுக்கு போன் பண்ணியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டான். ஆர்.சி. புக்கு இன்னும் டாடி பேர்லதான் இருக்கு. எனக்கும் பாதி."

"உனக்கு எதுக்கு கார்," என்று ஆரம்பித்த டெஸ்மண்ட், ஜூடித்தின் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் சொல்லட்டுமா எதுக்குன்னு?" என்றாள் ஜூடித்.

பிரபா குறுக்கே வந்தாள். அவளுக்கு இந்த அம்மாள் மேல் இரக்கம் வந்தது. இரக்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

"ஆன்ட்டி, அது அப்புறம். கேட்டுல நின்னு பொம்பள வயரிங்னு சொன்னாங்க. உங்க காதுலயும் விழுந்தது. என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாரு, அப்பவும் கார்டிகனை இழுத்துவிட்டுட்டு நின்னீங்க. வண்டியை இன்னொரு தடவை கட்டிடலாம். என் பேரை எந்தக் கடையில போய் வாங்குறது?"

ஜூடித் விரல்களில் ஒட்டிய கரியைக் கார்டிகனில் துடைத்தாள்.

"பயந்து நிக்கல," என்றாள். "வெட்கம். இந்த வண்டியை நானே கொளுத்திட்டேன்னு சொல்ல நாக்கு எழும்பல. அதுக்காக உன்னைப் பலி கொடுத்துட்டேன். மத்த யாரு செஞ்சிருந்தாலும் பரவால்ல, நான் செஞ்சிருக்கக் கூடாது."

"அப்போ கேட்டுல சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

கேட்டுவரை போக வேண்டியிருக்கவில்லை. கூட்டமே வாசலுக்கு வந்துவிட்டது. ஜூடித் அவர்கள் பக்கம் திரும்பினாள். கேக் விற்கிற குரல் அல்ல அது. அந்தக் குரலை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வண்டியை எரிச்சது நான். பேட்டரியைத் தப்பா மாட்டினது நான். இந்தப் பொண்ணு வயரிங்ல ஒரு குறையும் இல்ல."

"போதும் ஜூடி, உள்ள வா," என்றார் டெஸ்மண்ட்.

"போதாது. அறுபத்தாறுல நந்தியில இந்த வண்டியை ஓட்டுனதும் நான்தான். லேடீஸைச் சேக்க மாட்டோம்னாங்க. இவன் பேரைக் கொடுத்து, ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு நான் உக்காந்தேன். கீழ ஒரு தலையணை வெச்சா உயரம் யாருக்குத் தெரியும்? கப்பை வாங்கறதுக்கு மட்டும் இவன் வந்தான். அன்னியிலேந்து இன்னிய வரைக்கும் இவன் கதை சொல்லிட்டு இருக்கான், நான் காபி கொண்டுவந்து கொடுத்துட்டு இருக்கேன்."

டெஸ்மண்ட் மறுக்கவில்லை. மணல் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கறிப் பைக்காரர் மெதுவாக நழுவப் பார்த்தார். "அண்ணே, நில்லுங்க," என்றாள் பிரபா. "யாரோட வயரிங்னு சொன்னீங்க?" அவர் என்னவோ முனகிவிட்டு நடையைக் கட்டினார்.

கோவிந்தப்பா தான் எழுதிய ஸ்டேட்மெண்டை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "சொந்த வண்டி. சொந்தத் தப்பு. இதுல கேஸ் ஒண்ணும் இல்ல." ஜீப்பில் ஏறும் முன் நின்று, "என் ஜீப்புல ஹெட்லைட் ஒண்ணு விட்டு விட்டு எரியுதும்மா. ஒரு நாள் அல்சூர் கொண்டு வரேன்," என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

ஹரிஷ்குமார் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ கார்?"

"விக்கல," என்றாள் ஜூடித்.

கூட்டம் கலைந்தது. ஜூடித் ஏப்ரனை எடுத்துப் பிரபாவிடம் நீட்டினாள். பிரபா வாங்கிக்கொள்ளவில்லை. "அது உங்களுது. நீங்களே கட்டிக்கோங்க, வேலை நெறைய இருக்கு," என்றாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. ஜூடித்தும் அதைக் கேட்கவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கட்டிங் பிளேயரை எடுத்துக் கருகிய வயர்களை ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்கினாள்.

வயரிங் வேலை நடக்கும்போதெல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில் படுக்க வசதியாகச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவைப்பது பிரபாவின் வழக்கம். ஆம்ப்ரோஸுக்கு அது தெரியும். சட்டத்தின் பிடியில் கை வைத்தான்.

"சீட்டைப் பின்னாடி தள்ளட்டுமா பிரபா?"

"வேணாம் அண்ணே," என்றாள் அவள். "அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."